முழுகாமல் நாற்பத்தொரு நாள்

எனக்கு இருபத்தாறு வயதாக இருந்தபோது, அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஒரு பெண்ணை, இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தாளை உரத்து வாசித்தே கர்ப்பிணியாக்கினேன். ஒலிபெருக்கி எதுவும் இல்லை. அந்த வயதில் எனக்குக் குரல் நன்றாக இருந்தது. கடைசி வரிசைக்கும் கேட்டது.

இப்போது பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வழியில் நிறுத்தி, இப்படியெல்லாம் எப்படித்தான் தோன்றுகிறதோ என்று கேட்கிறவர்கள் உண்டு. எதுவும் தோன்றுவதில்லை. வாழ்க்கையில் நடந்ததில் சிரிக்கக்கூடிய பாதியை எழுதுகிறேன், மறு பாதியை வைத்துக்கொண்டிருக்கிறேன். இது எந்தப் பாதியில் சேர்த்தி என்று இத்தனை வருடமாகியும் எனக்குத் தீர்மானமாகவில்லை.

அறுபதுகளின் பிற்பகுதி. மருத்துவ பீடத்தில் ஆராய்ச்சி என்ற பெயரில் தங்கியிருந்த நாங்கள் ஐந்து பேர், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ரயிலேறி மாத்தளைக்கு வந்து ஒரு கலந்துரையாடல் வட்டம் நடத்தினோம். பல்கலைக்கழகத்தில் அறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்கள் இருக்குமிடத்தில் உண்மையைத் தேட முடியாது என்பது வட்டத்தின் முதல் தீர்மானம். மாத்தளையில் எங்களில் ஒருவனுடைய வாப்பாவுக்கு வாசனைச் சரக்குக் கடை இருந்தது. அதன் மேல்மாடியில், மிளகுச் சாக்குகளுக்கும் சாதிக்காய்ச் சாக்குகளுக்கும் நடுவே ஒரு நீள மேசை. ஒருவன் தன் ஆய்வை வாசிப்பான். மற்ற நால்வரும் அதைக் கிழிப்போம். மிளகுத் தூசியில் அடிக்கடி தும்மல் வரும். பேசும்போது தும்மியவன் தன் கருத்தை வாபஸ் வாங்கிக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்று ஒரு விதி வைத்திருந்தோம். அந்த வயதில் அது எங்களுக்குப் பெரிய நகைச்சுவை.

இன்னொரு விதி, யாரும் "எனக்குத் தோன்றுகிறது" என்று சொல்லக் கூடாது. ஆதாரம் வேண்டும். ஆதாரத்தைவிட முக்கியமாகச் சரியான சொல் வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தது நான்.

தலைவன் காலிப் பக்கத்துச் சிங்கள நண்பன். எண்களை நேசித்தவன், மனிதர்களையும் நேசித்தான், அவர்கள் எண்களாக வரும்போது. கடைக்காரரின் மகன் இரண்டாமவன். மற்ற இருவரும் தலைவன் கை தூக்கினால் கை தூக்குவார்கள்; அதற்கு மேல் அவர்கள் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

ஆறாவதாக ஒரு பெண் இருந்தார். எங்கள் ஆய்வுகூடத்தில் உதவியாளர். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவரின் மகள்; அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கூட்டக் குறிப்பு எழுத யாராவது வேண்டுமே என்று அவரையும் கூட்டிவந்தோம். உறுப்பினர் அல்ல, ஆகவே வாக்கு இல்லை. தேநீர் ஊற்றுவது அவர் வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர்தான் ஊற்றினார்.

வட்டம் ஒரு கட்டத்தில், ஒருவர் ஆய்வை ஒருவர் கிழித்தது போதும், சேர்ந்து ஒன்று செய்வோம் என்று முடிவெடுத்தது. அந்தப் பெண்ணின் தோட்டத்தையே எடுத்துக்கொண்டோம். அங்கே குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொறி சிரங்கு. லயம் எனப்படும் வரிசை வீடுகளில் இருக்கும் சனங்கள் குளிக்கிற பீலிக் குழாயில், மலையிலிருந்து வந்து விழும் தண்ணீர், வெயில் காலத்தில் விரல் தடிப்புக்கு மெலிந்துவிடும். தண்ணீர் குறைந்தால் குளிப்பது குறையும், குளிப்பது குறைந்தால் சிரங்கு கூடும். இதை நிரூபிக்க வேண்டும். லயத்தில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். ஆனால் கிழவி சொன்னால் அது "எனக்குத் தோன்றுகிறது" வகை.

கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. அங்கேதான் வந்தது சொல்.

நம்மவர்கள் மேல் கழுவுவது வேறு, தலையோடு குளிப்பது வேறு. ஆராய்ச்சியில் இரண்டையும் கலக்க முடியாது. மேல் கழுவுதலுக்கு ஒரு நிரல் போட்டாயிற்று. தலையோடு குளிப்பதற்கு ஒற்றைச் சொல் தேவைப்பட்டது. "முழுகுதல்" என்றேன். அந்தச் சொல்லின் வேர், பழைய நூல்களில் அதன் வாழ்வு, அதன் தூய்மை எல்லாவற்றையும் அரை மணி நேரம் விளக்கினேன். வட்டத்தின் மொழி ஆங்கிலம் என்பதால் ஆங்கிலத்தில் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த மூன்று உறுப்பினர்களுக்கும் தமிழ் தெரியாது, ஆகையால் எதிர்ப்பு இருக்கவில்லை. தமிழ் தெரிந்த கடைக்காரரின் மகன், தம்புள்ளையிலிருந்து சரக்கு லொறி வந்துவிட்டதென்று கீழே போயிருந்தான்.

குறிப்பெழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த வார்த்த வேணாம் சேர். 'தலைக்குத் தண்ணி ஊத்துறது'ன்னு போடுங்க."

ஏன் என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்தார். நான்கு இளைஞர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சும்மாதான் சேர். லயத்துல அப்பிடிச் சொல்ல மாட்டாங்க."

இவருக்குத் தோன்றுகிறதாம் என்று தலைவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் என் நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். அவர் பேனாவை எடுத்து, நான் சொன்னபடியே எழுதினார்: ஆறாவது நிரல், முழுகாமல் இருந்த நாட்கள். வாக்கெடுப்பில் ஒருமனதாக நிறைவேறியது.

ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று பொருள்; எத்தனையோ தொடர்கதைகளில் வாசித்திருக்கிறேன். அந்த வரி வந்ததும் கதாநாயகியின் தாய் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நானும் ஏறத்தாழ அதையே செய்வேன். ஆனால் அந்த முழுகாமல் என் தலையில் ஓர் அலமாரியில் இருந்தது, ஆராய்ச்சியின் முழுகாமல் இன்னோர் அலமாரியில். இரண்டுக்கும் நடுவில் கதவு இல்லை. அதனால்தான், தெரியாமல் செய்த பிழை என்று சொல்லித் தப்பவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

தாள்களை றோனியோவில் பிரதியெடுத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகப் போனோம். நாங்கள் தோலைப் பார்த்தோம். பெண்களிடம் கேள்வி கேட்டது அந்த உதவியாளர். அவர் கேட்டதை நான் ஒருமுறையும் நின்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், தாளில் இருப்பதை விட்டுவிட்டு, "தலைக்குத் தண்ணி ஊத்தி எத்தன நாளாச்சுக்கா?" என்றுதான் அவர் கேட்டுவந்தார் என்பது தெரிந்திருக்கும். பதிலை மட்டும் என் ஆறாவது நிரலில் எழுதினார். என் பிழையைத் தன் வாயால் மூடிக்கொண்டு மூன்று ஞாயிறும் நடந்திருக்கிறார்.

முடிவுகளில் ஒன்று எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாரும் இரண்டு நாள், நான்கு நாள், வறட்சியில் ஒரு வாரம் என்றிருக்க, ஒரு பெண்ணுக்கு நாற்பத்தொரு நாள். அப்படியிருந்தும் உடம்பில் ஒரு சிரங்கு இல்லை. எங்கள் கொள்கையையே உடைக்கிற எண். தலைவன் அதன்மேல் காதல் கொண்டான். "நாற்பத்தொன்று" என்று செல்லமாகக் கூப்பிடத் தொடங்கினோம். அதை வைத்துக்கொள்வதா, கணக்கிலிருந்து நீக்குவதா என்று ஒரு சனிக்கிழமை முழுக்கச் சண்டை. விளக்கம் அதே தாளின் ஓரத்தில் உதவியாளரின் கையெழுத்தில் இருந்தது: தினமும் மேல் கழுவுகிறார், காதில் சீழ், தலையில் தண்ணீர் படக்கூடாதென்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லியிருக்கிறார். வாசித்தோம். அப்படியென்றால் தலைமுழுக்கைவிட மேல் கழுவுவதே முக்கியம் என்று கொள்கையைத் திருத்தி எழுதி, ஒருவருக்கொருவர் கைகுலுக்கினோம்.

பிறகு எங்களுக்கு அறம் பிடித்தது. ஏழைச் சனங்களிடம் தகவலை வாங்கிக்கொண்டு ஓடிவிடக் கூடாது, முடிவை அவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றோம். யாருடைய பெயரையும் வெளியிடக் கூடாது என்றும் தீர்மானித்தோம். லய இலக்கமும், அதில் குடும்பத்துக்கு ஒன்றான அறையின், அதாவது காம்பராவின், இலக்கமும் போதும். ஒரு தோட்டத்தில் பெயர் தெரியாத ஆள்கூட இருப்பான், எந்தக் காம்பராவில் யார் இருக்கிறார் என்பது தெரியாத ஆள் இருக்க மாட்டான் என்பதை அறியுமளவு எங்களுக்குப் படிப்பு இல்லை.

தோட்டத்தில் பெரட்டுக் களம் என்று ஒன்று உண்டு. காலையில் பேர் கூப்பிட்டு, மலை மலையாகப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற இடம். ஒரு ஞாயிறு பிற்பகல் அங்கே எல்லாரையும் கூட்டினோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சில வீடுகளில் விருந்தாளிகளும் இருந்தார்கள். அவர்களும் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். பீலியைத் திருத்தித் தரும்படி தோட்டத்துரைக்கு எழுதப்போவதாகச் சொன்னேன். அதற்கும் ஆட்டினார்கள். கூட்டம் நம் கையில் இருக்கிறது என்ற மயக்கத்தில், கடைசியாக ஓர் அதிசயம் சொல்கிறேன் என்று தாளை எடுத்தேன்.

"ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பரா. பெண். வயது பத்தொன்பது. மணமாகாதவர். முழுகாமல் நாற்பத்தொரு நாள்."

களம் அமைதியானது. நான் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

"இருந்தாலும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார்" என்று சேர்த்தேன்.

ஆண்கள் பக்கத்தில் ஒருவன் சிரித்தான். பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்பின. அப்படித்தான் நாற்பத்தொன்றை நான் முதன்முதலாக ஒரு முகமாகப் பார்த்தேன். மெலிந்த பெண். இடது காதில் பஞ்சு வைத்திருந்தாள். அவள் அழவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்தபடி, நான் இன்னும் ஏதாவது சொல்லி இதைச் சரிசெய்வேன் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்த ஒரு நடுவயதுப் பெண் எழுந்தாள். பின்புறத்தைத் தட்டிவிட்டாள். யாரையும் பார்க்காமல், களத்தைவிட்டு இறங்கும் பாதையில் நடந்தாள்.

உதவியாளர் என் கையிலிருந்த தாளை எடுத்துக்கொண்டார். "போதும் சேர்" என்றார்.

பஸ்ஸுக்கு இறங்கி வரும் வழியில்தான் விஷயத்தைச் சொன்னார், தேயிலைச் செடிகளிடம் சொல்வதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு. எழுந்துபோனவள் பக்கத்துத் தோட்டத்துக்காரி, அந்தப் பெண்ணை எடுக்கவிருந்த மாப்பிள்ளையின் தாய். பரிசம் போட்டாயிற்று. அன்று வந்தது கல்யாணத்துக்கு நாள் வைக்க. என்னுடைய இரண்டு அலமாரிகளுக்கும் நடுவே அந்த இடத்தில்தான் கதவு திறந்தது. பாதையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருங்க சேர், அட்டை ஏறும் என்றார்.

வட்டம் அவசரமாகக் கூடியது. மூன்று மணி நேரம் பேசினோம். தவறு சொல்லிலா, வாசிப்பிலா, கேட்டவர்களிடமா என்று தலைவன் மூன்றாகப் பிரித்தான். சஞ்சிகைகளில் போடுவதுபோல ஒரு பிழைதிருத்தம் வெளியிடுவது என்று தீர்மானம் வந்தது. கடைக்காரரின் மகன் மட்டும், "மச்சான், நேராப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா. வேற ஒண்டும் பேசாத" என்றான். ஆதாரமில்லாத யோசனை என்று அதை ஒதுக்கினோம்.

பிழைதிருத்தத்தை நானே எழுதினேன். அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தாயைப் பார்க்கப் போனேன். தனியாகத்தான் போனேன், உதவியாளரைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. அந்த அம்மாள் வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே வாசித்தேன். "முழுகாமல்" என்று வந்த இடத்தில் "தலைக்குக் குளிக்காமல்" என்று கொள்ள வேண்டும், வேறு பொருள் இல்லை.

அவள் கையை முந்தானையில் துடைத்தாள்.

"அப்ப நாப்பத்தொரு நாளு குளிக்காத பொண்ணுங்களா?"

இல்லை இல்லை என்றேன். தினமும் மேல் கழுவுகிறாள், தலைக்கு மட்டும்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த இடத்திலாவது கடைக்காரரின் மகன் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஆதாரம் இருந்தது. ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் வட்டம் எனக்குக் கற்பிக்கவில்லை. காதில் சீழ் வடிகிறது, அதனால் மருந்துக்காரர் தண்ணீர் படக்கூடாதென்று சொல்லியிருக்கிறார், வேண்டுமானால் தாளைப் பாருங்கள் என்று நீட்டினேன்.

"காதுல சீழா?" என்றாள். தாளை வாங்கவில்லை. "பஞ்சு வச்சிருந்திச்சு. சளி புடிச்சிருக்குன்னுல்ல அவங்கம்மா சொன்னாங்க."

மிளகாயைத் திருப்பிப் போடத் தொடங்கினாள். பிறகு ரொம்ப மரியாதையாக, "ஐயா வந்து சொன்னது நல்லதாப் போச்சுங்க" என்றாள்.

இரண்டு நாளில் சம்பந்தம் முறிந்தது. வயிற்றில் பிள்ளை என்ற பேச்சையாவது நாளடைவில் பொய்யென்று காட்டியிருக்கலாம். அதற்குக் காலமே சாட்சி. காது விஷயம் உண்மை. பெண் வீட்டார் மறைத்து வைத்ததை நான் மலையேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஆனால் சம்பந்தம் முறிந்ததற்குத் தோட்டம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. முதற்காரணம்தான் சுவையானது, ஊர் அதையே வைத்துக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை வட்டத்தில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு நெடுநேரம் பேசினேன். எழுத்தாளன் ஆகப்போகிறவன் அல்லவா, நன்றாகவே பேசினேன். குரல் தழுதழுத்தது. தலைவன் என் தோளைத் தட்டினான். இந்த உணர்வு குறிப்பேட்டில் பதியப்பட வேண்டும் என்றான்.

"எழுதிட்டேன் சேர்" என்றார் உதவியாளர். பிறகு எங்கள் ஐந்து பேரையும் ஒருமுறை பார்த்தார். "அந்தப் புள்ளையோட காத யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. மூன்று ஞாயிறு அந்த லயங்களில் நடந்திருக்கிறோம். மருத்துவம் படித்த ஐந்து பேர். கையில் கருவிப்பை இருந்தது. காது எங்கள் கேள்வித்தாளில் இல்லை, ஓரத்தில் இருந்தது. அந்த ஓரக் குறிப்பை வைத்துக் கொள்கையைத் திருத்தினோம், ஒரு பிழைதிருத்தம் எழுதினோம், ஒரு கல்யாணத்தை முறித்தோம். பஞ்சை எடுத்துப் பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

தோன்றியது அவருக்குத்தான். வியாழக்கிழமை மாத்தளை ஆஸ்பத்திரியில் காது கிளினிக் இருக்கிறது, தான் லீவு போட்டுக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது எனக்கு அதற்குள் பழக்கமாகியிருந்தது.

வியாழன் காலை இரத்தோட்டை பஸ் தரிப்பிடத்தில் அவர்களுக்கு முன்னாலேயே போய் நின்றேன். சட்டைப்பையில் பெரிய டொக்டருக்கு ஒரு கடிதம். கிளினிக்கில் நானே பேசுவேன், மருந்து வாங்கித் தருவேன், வாராவாரம் வந்து பார்ப்பேன் என்று முந்திய நாள் முழுக்க மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். என் பாவத்துக்கு ஒரு பஸ் பயணம் போதும் என்று நினைத்தேனோ என்னவோ. தோட்டத்துச் சனம் மருந்துக்கும் கடைகண்ணிக்கும் போகக் கூட்டமாக நின்றது. இருவரும் மலைப்பாதையில் இறங்கி வந்தார்கள். அந்தப் பெண் தலையைச் சேர்த்து முந்தானையால் போர்த்தியிருந்தாள். நான் முன்னால் போனேன். கூட்டத்தில் பேச்சு நின்றது. நாங்கள் மூவரும் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு வெற்றிடம் உண்டானது.

பஸ் வந்தது. நான் வழிவிட்டு, அவர்களை ஏறச் சொல்லி, பின்னால் கால் வைத்தேன். படியில் நின்ற அந்தப் பெண் திரும்பினாள். என்னிடம் அவள் பேசியது அந்த ஒருமுறைதான். சத்தமில்லாமல், கோபமும் இல்லாமல் சொன்னாள்.

"ஐயா ஆஸ்பத்திரிக்குக் கூட வராதீங்க. வந்தீங்கன்னா, அது நெசம், ஆளும் நீங்கதான்னு ஆயிரும்."